பெண் என்றால் ஐம்பது

பகடையில் எண்பத்தேழு விழுந்ததும் நான் கதிரையை விட்டு எழுந்து கைதட்டினேன்.

அன்று போயா, மாதாமாதம் வரும் பௌர்ணமி விடுமுறை. உள்துறைமுகத்துக்குப் போகும் வீதியில், படகு எஞ்சின் திருத்தும் கடையொன்றின் மேல்மாடியில், நாங்கள் நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி இருந்தோம். கீழே கடை பூட்டியிருந்தது. மேலே கழற்றிப்போட்ட எஞ்சின் மூடிகளும் பழைய வலைச் சுருள்களும் ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டிருக்க, மிச்ச இடத்தில் எங்கள் உலகம் நடந்துகொண்டிருந்தது.

அது மேசையில் விளையாடும் ஒரு கற்பனை விளையாட்டு. ஒருவர் நடுவராக இருந்து கதையைச் சொல்லுவார். இங்கே காடு, அங்கே பாழடைந்த கோட்டை, வாசலுக்குள் ஏதோ உறுமுகிறது என்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, நான் உள்ளே போகிறேன், நான் கல்லெறிந்து பார்க்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொன்னது பலித்ததா இல்லையா என்பதைப் பகடையும் ஒரு தடித்த விதிப் புத்தகமும் தீர்மானிக்கும். வளர்ந்தவர்கள் செய்யும் வேலையா இது என்று என் தமையனின் மனைவி கேட்டிருக்கிறார். ஓம், நாங்கள் நான்கு பேரும் நன்றாக வளர்ந்தவர்கள். நாங்கள் நானா என்று கூப்பிடும் கடைக்காரருக்குக் கலியாண வயதில் மகள் இருக்கிறாள்.

எங்கள் நடுவர் துறைமுகத்தில் இழுவைப் படகொன்றின் எஞ்சினியர். அதற்கு முன் எட்டு வருடம் வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களில் ஓடியவர். அப்படியொரு கப்பலில்தான் இந்த விளையாட்டைப் பழகினார். அந்தக் கப்பலை விற்றபோது சாப்பாட்டு அறை அலுமாரியில் கிடந்த புத்தகங்களைத் தன்னுடைய பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். நாங்கள் விளையாடியது அவற்றுள் மிகப் பழைய பதிப்பை வைத்து.

ஒரு வருடமாக நான் ஒரு கிழட்டு மந்திரவாதியாக விளையாடினேன். நடுவர் தந்த பாத்திரம் அது. முந்திய போயாவன்று வெள்ளம் புகுந்த சுரங்கமொன்றில் எங்கள் எல்லோருடைய பாத்திரங்களும் மூழ்கிப்போயின. அன்று புதிதாக ஆட்களை உண்டாக்க வேண்டியிருந்தது. நான் வாள் பிடிக்கும் ஒரு பெண்ணை உண்டாக்க நினைத்தேன். பலத்துக்கு மூன்று பகடை வீச வேண்டும். மூன்றிலும் ஆறு விழுந்தது. பதினெட்டு. அதற்கு மேல் இல்லை. பதினெட்டு விழுந்த வீரருக்கு மட்டும் அந்தப் புத்தகம் இன்னொரு வீச்சுத் தருகிறது. நூற்றுக்குள் எவ்வளவு விழுகிறதோ அவ்வளவுக்கு அடி பலக்கும். அந்த வீச்சில்தான் எண்பத்தேழு விழுந்தது.

நடுவர் ஒரு பக்கத்தைப் புரட்டினார். விரலை வைத்து வாசித்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"உங்கட ஆள் பொம்பிளை எல்லோ, தங்கச்சி? பொம்பிளைக்கு ஐம்பதுக்கு மேல போகாது. ஐம்பது எண்டு எழுதுங்கோ."

"விளங்கேல்ல அண்ணை."

"புத்தகத்தில அட்டவணை இருக்கு. ஆம்பிளை எண்டால் நூறு வரைக்கும் போகலாம். பொம்பிளை எண்டால் ஐம்பது. விருப்பமில்லாட்டி ஆம்பிளையா மாத்திப்போட்டு எண்பத்தேழை வைச்சிருங்கோ. ஆருக்கு என்ன?"

என் பக்கத்தில் இருந்தவள் என் பள்ளிக்கூடத்துத் தோழி. ஆஸ்பத்திரியில் தாதி. அவள் பகடையை மேசையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

நான் ஒரு தனியார் நில அளவையாளரிடம் படம் வரைபவள். முதல் ஐந்து வருடமும் என்னை வெளிவேலைக்கு விடவில்லை. "வெயில், பத்தை, பாம்பு, உங்களுக்கு ஏலாது பிள்ளை" என்பார் முதலாளி, ஏதோ எனக்கு உபகாரம் செய்வதுபோல. அவர் கொண்டுவரும் அளவுகளை வைத்து மேசையில் இருந்து நான் காணிகளை வரைவேன், நான் ஒருநாளும் மிதிக்காத காணிகளை. ஒரு நாள் அளவைக் கருவியின் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு முதலாளியின் வான் வண்டிக்குள் ஏறி இருந்துவிட்டேன். இறங்கச் சொன்னார். இறங்கவில்லை. வெருகல் ஆற்றங்கரை வயலொன்றில் காலை எட்டு மணியிலிருந்து நின்று, பின்னேரம் தோல் உரிந்து வந்தேன். அடுத்த கிழமை அவர் எனக்கும் ஒரு தொப்பி வாங்கிவந்தார். ஆகவே, ஏலாது என்ற சொல்லை எனக்கு முன்னால் சொல்பவர்களோடு எனக்கு ஏற்கெனவே கணக்கு இருந்தது.

"அண்ணை, இந்த உலகத்தில ஓணான் நெருப்புக் கக்கும். செத்த ஆள் எழும்பி நடக்கும். நான் கைவிரல அசைச்சால் இடி விழும். இதெல்லாம் நடக்கும், ஒரு பொம்பிளைக்கு எண்பத்தேழு பலம் மட்டும் நடக்காதோ?"

"விதி விதிதான். நான் எழுதேல்ல."

"வாசிக்கிறது நீங்கள்தானே."

அவர் புத்தகத்தை மூடினார். அன்று விளையாட்டு நடக்கவில்லை. கடைக்கார நானா பணிஸை வெட்டிப் பட்டர் பூசி எல்லோருக்கும் தந்தார். சாப்பிட்டுவிட்டு எழுந்தோம். போகும்போது நான் நடுவரிடம் கேட்டேன்: "அண்ணை, உங்களிட்ட இருக்கிற எல்லாப் பதிப்பையும் எனக்கு அடுத்த போயா வரைக்கும் தாறீங்களோ?"

தரமாட்டார் என்று நினைத்தேன். தந்தார். தன்னுடைய புத்தகம் சரி என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

மூன்று பதிப்புகள் வந்தன. பழையது, அட்டை பிய்ந்து பிசின் நாடா ஒட்டியது. நடுப் பதிப்பு, மூன்று புத்தகங்கள், ஒவ்வொன்றும் செங்கல் பாரம். புதியது, யாரோ அச்சடித்துச் சுருள் கம்பி போட்ட தாள்கள். அட்டவணையை நான் முதலில் தேடினேன். நடுப் பதிப்பில் அது இல்லை. புதியதிலும் இல்லை. அந்த விதியை எழுதியவர்களுக்குப் பின்னால் வந்தவர்களே அதைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள்! அன்றே சண்டையில் வென்றுவிட்டதாக நினைத்தேன். ஆனால் அதோடு புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. வேறு என்னென்னவற்றை எறிந்தார்கள், எதைப் புதிதாகச் சேர்த்தார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன்.

நான் வேலை செய்யும் கந்தோரில் மிஞ்சும் கட்டத்தாள் எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். ஒரு தாளை மூன்றாகப் பிரித்தேன். ஒரே சம்பவத்தை மூன்று பதிப்பிலும் நடத்திப் பார்க்கலாம் என்பது என் யோசனை. காயப்பட்ட ஒரு பெண் நனைந்த கயிற்றைப் பிடித்து மதிலில் ஏறுகிறாள். இவ்வளவுதான்.

பழைய பதிப்பில் மதில் ஏறக் கள்வருக்கு மட்டும் விதி இருந்தது. மற்றவர்கள் ஏறினால் என்ன? நடுவரைக் கேள் என்கிறது புத்தகம். நடுவர் ஏறலாம் என்றால் ஏறலாம். நடுப் பதிப்பில் எல்லாவற்றுக்கும் எண் இருந்தது. கயிறு இருந்தால் இவ்வளவு இலகு, மதில் வழுக்கினால் இவ்வளவு கடினம், கவசத்தின் பாரத்துக்கு இவ்வளவு குறை, பழகிய ஆளுக்கு இவ்வளவு கூட்டு. கூட்டிக் கழித்து முடிக்க எனக்குப் பத்து நிமிடம் எடுத்தது. அதற்குள் அந்தப் பெண் மதிலில் தொங்கிக் களைத்திருப்பாள். ஆனால் முடிவில் வந்த எண்ணை எந்த நடுவரும் மறுக்க முடியாது. புதிய பதிப்பு ஒரே வரியில் முடித்தது. கயிறு நனைந்ததா, இரண்டு பகடை வீசு, சின்னதை எடு.

அந்த ஒரு வரியை வாசித்துவிட்டு நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து மறுபடியும் வாசித்தேன். கெட்டிக்காரத்தனம் என்றால் அதுதான். நனைந்த கயிறு, இருட்டு, பயம், பசி, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வரி போதும்.

பழையதில் பகடை சிலவேளை பெரிதாக விழ வேண்டும், சிலவேளை சிறிதாக விழ வேண்டும். கவசத்தின் எண் குறையக் குறையப் பாதுகாப்புக் கூடுகிறது. ஏன் என்று எங்கும் சொல்லவில்லை. அதை எழுதியவர்கள் நடுவரை மட்டும் நம்பியவர்கள். நடுப் பதிப்பை எழுதியவர்கள் ஒருவரையும் நம்பவில்லை, அதனால்தான் எல்லாவற்றையும் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். புதியவர்கள் விளையாடுபவரை நம்புகிறார்கள், ஆனால் அவருக்கு நோகக்கூடாது என்று மிகவும் கவலைப்படுகிறார்கள். ஓர் இரவு நித்திரை கொண்டால் எல்லாக் காயமும் ஆறிவிடுகிறது அதில்.

இதைத் தோழியிடம் சொன்னபோது அவள் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரைக்கேறியது.

"ஒரு நித்திரையில வெட்டுக்காயம் மாறுமெண்டால் எங்கட வார்ட்டைப் பூட்டிப்போட்டு நாங்களும் படுக்கலாமே!"

"பழையதில அடிபட்டு உயிர்ப்புள்ளி பூச்சியமானால் உடனே சாவு. அது பரவாயில்லையோ?"

"அதுவும் பொய்." அவள் சிரிப்பை நிறுத்தினாள். "பூச்சியம் எண்டது சாவில்லை. அதுக்கும் சாவுக்கும் இடையில கொஞ்ச நேரம் இருக்கு. அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் எனக்குச் சம்பளம் தாறாங்கள்."

புதிய பதிப்பில் அந்தக் கொஞ்ச நேரம் இருந்தது. விழுந்தவர் தன் முறை வரும்போதெல்லாம் ஒரு பகடை வீசுவார். மூன்று முறை நல்லதாக விழுந்தால் பிழைப்பார், மூன்று முறை கெட்டதாக விழுந்தால் இறப்பார். இடையில் யாரும் ஓடிவந்து கட்டுப் போடலாம். அவளுக்கு அதை வாசித்துக் காட்டினேன். "இதை எழுதின ஆள் ஆஸ்பத்திரி கண்டவன்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்தத் துணிவு வந்தது. ஏன் ஒரேயொரு பதிப்பைத் தெரிவு செய்ய வேண்டும்? புதியதின் இரண்டு பகடையை எடுத்தேன். அந்தக் கொஞ்ச நேரத்தை எடுத்தேன். நித்திரையில் ஆறும் காயத்தை எறிந்தேன். பழையதிலிருந்து, இறந்தவர் இறந்தவர்தான் என்பதை எடுத்தேன். உண்மையில் பழைய புத்தகத்தில் இறந்தவரை எழுப்பும் மந்திரம் ஒன்று உண்டு; அதையும் வெட்டிவிட்டேன். கடைக்கார நானாவுக்காக நடுப் பதிப்பிலிருந்து ஆயுதங்கள், கருவிகளின் பட்டியலை எடுத்தேன், அவருக்குப் பட்டியல் என்றால் உயிர். எல்லாவற்றையும் தமிழில் எழுதினேன். நாங்கள் தமிழில் கதைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எண் சொல்லி விளையாடியது அதுவரை எனக்கு விசித்திரமாகவே படவில்லை. பதினான்கு பக்கங்கள் வந்தன.

அடுத்த போயாவன்று அவற்றின் நான்கு பிரதிகளை மேசையில் வைத்தேன். நடுவர் ஒரு பக்கத்தை வாசித்தார். இரண்டாவதை வாசிக்கவில்லை.

"இப்பிடிக் கலக்க ஏலாது தங்கச்சி. ஒரு பதிப்பு எண்டது ஒரு எஞ்சின் மாதிரி. எல்லாப் பாகமும் ஒண்டுக்கொண்டு அளவெடுத்துச் செய்தது. பதினைஞ்சு குதிரை எஞ்சினிட பிஸ்டனை நாற்பதுக்குள்ள போடுவீங்களோ? வெடிக்கும்."

நான் பதில் தேடிக்கொண்டிருக்க, நானா தலையை நிமிர்த்தினார். அவர் கிண்ணியாவிலிருந்து தினமும் வந்து இருபது வருடமாக எஞ்சின் திருத்துபவர். சண்டையில் வாய் வைக்கிற ஆளில்லை.

"ஒண்டு செல்லட்டா? இந்தத் துறைமுகத்தில ஓடுற எஞ்சின்ல ஒண்டுகூட கம்பனியில இருந்து வந்தபடி இல்லை. உங்கட இழுவைப் படகையும் சேர்த்துத்தான் செல்றன். வந்தபடி இருக்கிற எஞ்சின் எல்லாம் கீழ என்ட கடையில கழட்டிக் கிடக்கு."

தோழி சிரித்துவிட்டாள். அது பிழையான நேரத்துச் சிரிப்பு. நடுவரின் முகம் சிவந்தது.

"புத்தகம் என்ர. நடத்துறது நான். விருப்பமில்லாட்டி விடுங்கோ."

"விடுறம் அண்ணை," என்றேன் நான். "அந்த ஒரு அட்டவணையைப் பற்றி மட்டும்தான் முதல்ல கேட்டனான். நீங்கள் விதி விதிதான் எண்டீங்கள். இப்ப நான் முழுக்க எழுதிப்போட்டன்."

அவர் மூன்று பதிப்புகளையும் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினார். பகடைகளும் அவருடையவை. அவற்றையும் எடுத்துக்கொண்டு போனார். நானா ஜன்னலால் எட்டிப் பார்த்தார். "கோபத்தில ஹெல்மெட் போடாமப் போறாரு" என்றார் கவலையோடு.

ஒரு வருடமாக எங்களுக்கு அந்த உலகத்தைத் தந்தவர் அவர். ஒவ்வொரு போயாவுக்கும் பெரிய கோட்டை வரைபடங்களைத் தன் கையால் வரைந்துகொண்டு வருவார், கோடுகள் கோணல்தான், ஆனாலும் வரைவார். அவரைத் துரத்திவிட்டேனோ என்று நெஞ்சு கேட்டது. துரத்தவில்லை என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். எண்பத்தேழை ஐம்பதாக எழுதிவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் எல்லோரும் சந்தோஷமாக இருந்திருப்பார்கள், என்னைத் தவிர. அப்படிப்பட்ட சந்தோஷம் எனக்கு வேண்டாம்.

விளையாட்டுக்கு வேண்டிய இருபது முகப் பகடை எங்களிடம் இல்லை. நானா ஒன்றிலிருந்து இருபது வரை எழுதிய இருபது சோடா மூடிகளை ஒரு பிளாஸ்டிக் பேணிக்குள் போட்டுக் குலுக்கினார். நான் நடுவரானேன்.

முதல் ஆட்டம் கேவலமாகப் போனது, அதை ஒளிக்க மாட்டேன். முன்கூட்டித் தயாராக இருப்பவர் இரண்டு முறை எடுத்துப் பெரியதை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தேன். நல்ல விதி என்று நினைத்தேன். நானா ஒவ்வொரு முறையும், "நான் தயாராத்தான் நிக்கிறன் தங்கச்சி" என்றார். கதவைத் திறக்க முதல் தயார். பேச முதல் தயார். ஒரு பூதத்திடம் வழி கேட்க முதலும் தயார். தோற்க வைக்கவே முடியவில்லை. ஒரு மணித்தியாலத்தில் என் கோட்டையில் இருந்த எல்லாப் பூதங்களையும் முடித்துவிட்டு, "இனி என்ன?" என்று கேட்டார்.

"நானா, இது விளையாட்டில்லை, அட்டூழியம்."

"எழுதினது நீங்கதானே. எஞ்சின் எண்டாலும் முதல்ல எது உடையுது எண்டு பார்த்துத்தான் திருத்துறது."

அன்று வீட்டுக்குப் போய், தயாராவதற்கு ஒவ்வொரு முறையும் நேரம் செலவாகும், செலவான நேரத்தில் எதிரியும் ஓர் அடி கிட்ட வரும் என்று திருத்தினேன். மறு போயாவுக்கு அது வேலை செய்தது. வேறொன்று உடைந்தது. அதைத் திருத்தினேன். பழைய புத்தகத்தை எழுதியவர்கள் மூடர்கள் இல்லை என்பது அப்போது எனக்கு விளங்கியது. அவர்களும் எங்கேயோ ஒரு மேல்மாடியில், உடைய உடைய ஒட்டியிருப்பார்கள். கவச எண் ஏன் தலைகீழாக இருக்கிறது என்பதைக்கூட என்னால் மன்னிக்க முடிந்தது. அந்த அட்டவணையை மட்டும் மன்னிக்கவில்லை. அது உடைந்ததை ஒட்டிய இடமில்லை. யாரும் கேட்காமல் சேர்த்தது.

ஐந்தாவது மாதம் பழைய நடுவர் கடைக்கு வந்தார். எஞ்சினுக்குத் தண்ணீர் இறைக்கும் சின்னச் சக்கரம் ஒன்று வேண்டுமாம். அன்று போயா, கடை பூட்டு என்று அவருக்குத் தெரியாதா என்ன? நானா கீழே போய்க் கதவைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் இருவரும் மேலே வந்தார்கள். பழைய நடுவர் வாசலில் நின்று சோடா மூடிப் பேணியைப் பார்த்தார்.

"எந்தப் பதிப்பு?" என்று கேட்டார்.

"எங்கட பதிப்பு," என்றாள் தோழி. "இருங்கோ. தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?"

அவர் இருந்தார். தன் பையிலிருந்து பகடைகளை எடுத்து மேசையில் கொட்டினார். அவ்வளவுதான் மன்னிப்பு, அவருடைய பக்கத்திலிருந்து. நான் ஒரு வெற்றுத் தாளை அவரிடம் நீட்டினேன். அதுதான் என்னுடையது.

இரண்டு மணித்தியாலம் நன்றாகத்தான் விளையாடினார். பிறகு ஒரு பாலத்தின் மேல் அவருடைய வீரனுக்கு ஈட்டி பட்டது. உயிர்ப்புள்ளி பூச்சியம்.

"சரி, செத்துப்போனன்," என்று தாளை மடித்தார்.

"இல்லை அண்ணை. வீசுங்கோ. மூன்று நல்லது விழுந்தால் பிழைப்பீங்கள்."

"வீசமாட்டன். பூச்சியம் எண்டால் பூச்சியம். சின்னப்பிள்ளையளுக்குச் சொல்லுற மாதிரி எனக்குச் சொல்லாதையுங்கோ. நான் விளையாடத் தொடங்கின நாளில இருந்து அப்பிடித்தான்."

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். அந்த ஆளின் பிடிவாதம் எனக்கு நன்றாகத் தெரிந்த பிடிவாதமாக இருந்தது. என்ன செய்வது என்று நான் யோசிக்க, தோழி தன் பாத்திரத்தைப் பாலத்தின் மேல் ஓடவிட்டாள்.

"நான் கட்டுப் போடுறன்."

"வேண்டாம் எண்டு சொல்லுறன்."

"மயங்கிக் கிடக்கிற ஆள் வேண்டாம் எண்டு சொல்ல ஏலாது. எங்கட வார்ட்டில இதுதான் விதி."

நானா மேசையில் தட்டிச் சிரித்தார். பழைய நடுவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், ஏலவில்லை. தோழி அவருக்காக வீசினாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் ஒவ்வொரு முறையும் பகடை நின்ற சத்தத்துக்குத் தலை திரும்பியது. அவருடைய வீரன் பிழைத்தான். இன்றும் நொண்டிக்கொண்டு எங்களோடு வருகிறான்.

அன்று படி இறங்கும்போது நான் கேட்டேன்: "அண்ணை, அந்த அட்டவணை சரி எண்டு நீங்கள் உண்மையா நினைச்சீங்களோ?"

"நான் நினைக்கேல்ல. யோசிக்கவேயில்லை."

"அதுதான் எனக்குக் கூட நொந்தது."

அவர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போனார். இன்றுவரை அதைப் பற்றி நாங்கள் மறுபடி கதைக்கவில்லை.

என் தாள்கள் எப்படி மூதூருக்கு அப்பால் உள்ள கட்டைபறிச்சான் என்ற ஊருக்குப் போயின என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தோழியோடு வேலை செய்யும் ஒருத்தி பிரதி எடுத்துத் தன் அக்காவுக்குக் கொடுத்திருக்கிறாள். அக்கா அங்கே ஓர் ஆசிரியை. அவரும் அயலில் உள்ள நான்கு பெண்களும் ஞாயிறு மத்தியானங்களில் விளையாடுகிறார்களாம். வரச்சொல்லி அழைத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ்ஸில் மூதூர் போய், அங்கிருந்து முச்சக்கரவண்டியில் போனேன்.

மாமரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரைகள். நடுவில் என் பதினான்கு பக்கங்கள், இப்போது பத்தொன்பதாகியிருந்தன. அவர்கள் ஐந்து பக்கம் சேர்த்திருக்கிறார்கள். சேர்த்ததோடு விடவில்லை. இறந்தவர் இறந்தவர்தான் என்று நான் எழுதியிருந்த வரிக்கு மேல் சிவப்புப் பேனையால் கோடு கீறிக் கிடந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் அவர்களுடைய விதி: இறந்த ஒருவர் ஒரேயொரு முறை திரும்பலாம், மேசையில் உள்ள எல்லோரும் தங்கள் உயிரில் ஒரு புள்ளியை நிரந்தரமாகக் கொடுத்தால். ஒருவர் மறுத்தாலும் திரும்ப முடியாது.

எனக்கு முகம் சுட்டது. நான் யோசித்து யோசித்து வைத்த வரி அது.

"இதை ஏன் வெட்டினீங்கள் டீச்சர்? சாவுக்குப் பெறுமதி இருக்க வேணும் எண்டுதானே அப்பிடி எழுதினனான். திரும்பி வரலாம் எண்டால் ஆர் பயப்படுவினம்?"

ஆசிரியை அமைதியாகத்தான் பதில் சொன்னார். "செத்தவை திரும்பி வரமாட்டினம் எண்டு எங்கட ஊருக்கு ஒருத்தரும் விதி எழுதித் தர வேண்டியதில்லை, பிள்ளை. யுத்த காலத்திலேயே அது எங்களுக்கு வடிவாத் தெரிஞ்சுபோச்சு. விளையாடுற இடத்திலையாவது அது கொஞ்சம் வேற மாதிரி இருக்கட்டும்."

மற்றப் பெண்கள் தங்கள் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு வெற்றுத் தாளை எடுத்து, எனக்கும் ஓர் ஆளை உண்டாக்கிக்கொண்டு விளையாடினேன்.

பொழுது சாய முதல், எல்லோரிலும் அதிகம் பேசாத ஒரு பெண்ணின் பாத்திரம் இறந்தது. மூன்று வீச்சும் கெட்டதாக விழுந்தன. ஆசிரியை எங்களை ஒவ்வொருவராகக் கேட்டார். கொடுக்கிறீங்களோ? முதல் பெண் எண்ணை வெட்டி ஒன்று குறைத்து எழுதினாள். இரண்டாமவள் எழுதினாள். மூன்றாமவளின் பாத்திரத்துக்கு மொத்தமே நான்கு புள்ளிதான், அவளும் எழுதினாள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இது பிழையான விதி என்று அந்த நேரத்திலும் நினைத்தேன். மறுத்திருக்கலாம், விதி அதற்கு இடம் வைத்திருந்தது. பேனையை எடுத்துப் பதினொன்றை வெட்டிப் பத்து என்று எழுதினேன். அது அவர்களுடைய மேசை. அந்தப் பெண் தன் தாளைத் திரும்ப விரித்தபோது என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். எனக்கு வேறு எங்காவது பார்க்க வேண்டும்போல இருந்தது.

ஆசிரியை என்னோடு வீதிவரை வந்தார். முச்சக்கரவண்டி வரும்வரை நாங்கள் சண்டை பிடித்தோம். இப்படியே போனால் உங்களுடைய ஆட்கள் எல்லோரும் மெல்ல மெல்லத் தேய்ந்துபோவார்கள் என்றேன். தேயட்டும், ஒன்றாகத்தானே தேய்கிறோம் என்றார். அது விதி வகுக்கும் நியாயமில்லை என்றேன். உங்களுடைய கொப்பியில் உங்களுடைய நியாயத்தை எழுதுங்கோ என்றார்.

எழுதியிருக்கிறேன். எங்கள் மேல்மாடியில் இறந்தவர் இறந்தவர்தான். அந்த வரியை நான் எடுக்கவில்லை, எடுக்கப்போவதுமில்லை. கட்டைபறிச்சானின் ஐந்து பக்கங்களையும் பிரதி எடுத்து என் தாள்களுக்குப் பின்னால் சேர்த்துக் கட்டியிருக்கிறேன், சிவப்புக் கோடு தெரியத்தக்கதாக. எங்களிடம் பிரதி கேட்பவர்களுக்கு இப்போது இரண்டையும் சேர்த்துத்தான் கொடுக்கிறேன். எது சரி என்று கேட்கிறார்கள். என்னுடையதுதான் சரி என்று சொல்லிவிட்டு, பேனையையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.